பதினொரு கத்திக்காரி

எங்கள் வீட்டில் பதினொரு மடக்குக் கத்திகள் இருந்தன. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. அவற்றில் ஒன்றைக்கூட எனக்கு ஒழுங்காகத் திறக்க வராது. கத்திகள் என்னுடையவை அல்ல, என் மனைவியுடையவை. அவள் பீச்சாங்கைக்காரி.

இடது கைப் பழக்கம் உள்ளவர் என்று மரியாதையாகவும் சொல்லலாம்தான். அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தக் கையை பெஞ்சில் வைத்து அதன்மேலேயே உட்காரச் சொன்னார்களாம். வலது கையால் அவள் எழுதினால் இன்றைக்கும் கோழிக் கிறுக்கல்தான். யாரும் பார்க்காதபோது இடது கையால் எழுதுவாள். அச்சடித்த மாதிரி இருக்கும். மளிகைச் சாமான் சீட்டைக்கூட நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு வேலை சீட் கவர் தைக்கும் பட்டறையில். பஸ், வேன், பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, எது வந்தாலும் பழைய உறையைப் பிரித்து, ஸ்பாஞ்சைத் திருத்தி, புது ரெக்ஸின் போர்த்தித் தைப்பார்கள். சேர்ந்த முதல் வாரமே கத்தரிக்கோல் அவள் கட்டைவிரலைப் புண்ணாக்கிவிட்டது. கத்தரிக்கோலும் வலது கைக்காரர்களுக்கென்று செய்தது என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். இடது கையில் பிடித்தால் அலகுகள் ஒன்றை விட்டு ஒன்று விலகும்; ரெக்ஸின் நடுவில் மடிந்து சிக்கிக்கொள்ளும். அதனால் தையல் பிரிக்க, நூல் அறுக்க என்று கடையில் போய் ஒரு மடக்குக் கத்தி வாங்கினாள். அதுவும் காலை வாரிவிட்டது.

மடக்குக் கத்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அலகு பிடிக்குள் மடங்கிக் கிடக்கும். நகம் வைத்து இழுக்க அலகின் ஒரு பக்கத்தில் சின்னப் பள்ளம் இருக்கும். நானெல்லாம் பிடியை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கட்டைவிரல் நகத்தால் இழுக்கிறவன். பள்ளம் என்னைப் பார்த்து இருக்கும். கையை மாற்றினால் பள்ளம் அந்தப் பக்கம் போய்விடும். திறந்த அலகு திரும்ப மடங்காமல் தாங்கிக்கொள்ளும் பூட்டுத் தகடும் அப்படித்தான், வலது கட்டைவிரல் தள்ளுவதற்கென்று வைத்தது. இடது கையில் பிடித்து மடக்கப் போய், அவள் ஆள்காட்டி விரலில் இரண்டு தையல்.

கட்டுப் போட்ட விரலோடு இருந்த அந்த வாரத்தில்தான், வேன் ஓட்டுகிற ஒருவர் சீட் தைக்கக் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தார். இடது கையால்! அவர் கத்தியில் பள்ளம் மறுபக்கம் இருந்தது. தகடும் மறுபக்கம். என் மனைவி மிஷினை விட்டு எழுந்து போய் அந்தக் கத்தியைக் கேட்டு வாங்கித் திறந்தாள். முதல் இழுப்பிலேயே வந்துவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "எனக்குக் கை விளங்கலைன்னு இத்தனை நாளா நெனச்சுட்டு இருந்தேங்க. கத்திதான் விளங்கல." அந்த வேன்காரரை ஒரு மாதம் நச்சரித்து அந்தக் கத்தியை வாங்கினாள். அதுதான் முதல் கத்தி.

அதற்குப் பிறகு இடது கைக்கென்று செய்த கத்தி எங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் போய்விடுவாள். போய்விடுவாள் என்றுதான் சொன்னேன், வாங்கிவிடுவாள் என்று சொல்லவில்லை. வீடு வாங்கப் போகிறவர்கூட இத்தனை தடவை சுவரைத் தட்டிப் பார்க்க மாட்டார். முதலில் திறந்து காதோரம் வைத்து ஆட்டுவாள். அலகு இம்மியளவு ஆடினாலும் அவளுக்குக் கேட்கும். எனக்கு ஒரு எழவும் கேட்காது. "சத்தம் போடுது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். விற்க வந்தவர் மெருகேற்றிப் பளபளவென்று கொண்டுவந்தால் கையிலேயே வாங்க மாட்டாள், எதையோ மறைக்கிறாராம். மண்டையோடு செதுக்கியது, அலகில் பல் பல்லாக வெட்டியது, கறுப்புச் சாயம் அடித்தது எல்லாம் "ஊரை மிரட்டச் செஞ்சது". என் மச்சான், அதாவது அவளுடைய தம்பி, அக்காவுக்கென்று ஆசையாக அப்படி ஒன்றை வாங்கி வந்தான். "இத வச்சு நூல் அறுத்தா நூலே பயந்து செத்துடும்டா" என்று அவன் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகிவிட்டாள்.

இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டிய கத்திகளும் உண்டு. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். இதை வாங்கினாலாவது எண்ணிக்கை ஏறுமே என்று நான் கெஞ்சிப் பார்த்திருக்கிறேன்.

"அது எல்லார்கிட்டயும் நல்ல பேர் வாங்கப் பாக்குற கத்திங்க. எனக்கு வேணாம். எனக்குன்னு செஞ்சதுதான் வேணும்" என்றாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்தாவதாக ஒரு நிபந்தனை வைத்திருந்தாள் பாருங்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல். தான் என்ன விற்கிறோம் என்று தெரியாதவரிடம் வாங்க மாட்டாள்.

அது வந்த கதை இது. ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் ஒரு வயதான அம்மா, கணவர் போனபின் அவருடைய பொருள்களை விரித்து வைத்திருந்தார். அதில் இடது கைக் கத்தி ஒன்று. "அது கெட்டுப்போனதும்மா, தெறக்கவே மாட்டேங்குது" என்று அந்த அம்மாவே சொன்னார். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் வாங்கி வந்துவிட்டாள். இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. மூன்று மாதம் கழித்து அந்த அம்மாவின் மகள் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அப்பா சாகும்வரை பையில் வைத்திருந்த கத்தி, அம்மாவுக்குத் தெரியாமல் போய்விட்டது, அவர் மாதிரியே எனக்கும் இடது கைதான் என்று சொன்னாள். என் மனைவி மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. போன கத்திக்காகவா என்றால், இல்லை. "கெட்டுப்போனதுன்னு அந்தம்மா சொன்னப்ப, அது கெடலைன்னு எனக்குத் தெரியுமே. தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேனே" என்றாள். அன்றோடு அந்த நிபந்தனை ஏறி உட்கார்ந்துகொண்டது.

இப்படித்தான் இருபத்திரண்டு வருடத்தில் பதினொன்று.

எங்கள் ஊரில் மடக்குக் கத்தி சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை நூலகத்து மாடிக் கூடத்தில் கண்காட்சி நடத்துவார்கள். ஆளுக்கு ஒரு மேசை, மேசைமேல் பெயர் அட்டை, பின்னால் ஒரு நாற்காலி. ஒரு விதி: குறைந்தது பன்னிரண்டு கத்தி இருந்தால்தான் மேசை. சங்கச் செயலாளர் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு அங்குலம்கூட விட்டுத்தர மாட்டார். ஒன்பது வருடமாக நாங்கள் நெஞ்சில் 'பார்வையாளர்' சீட்டைக் குத்திக்கொண்டு போய் வந்தோம். வாசலில் என்னைப் பார்த்துத்தான், "சார் எத்தனை கத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். "நான் கண்ணாடிக் கடையில லென்ஸ் மாட்டுறவங்க. கத்தி அவங்களது" என்று கை காட்டினால், அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மறுபடி என்னிடமே பேசுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் கண்டுகொள்ள மாட்டாள். சங்கத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'பதினொண்ணு அம்மா'.

அவளுக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்பது வருடத்துக்கு முன் பட்டறையில் மிச்சமான பச்சை ரெக்ஸினில் கத்திகளுக்குச் சுருள்பை ஒன்று தைத்தாள். அதில் அறைகள் பன்னிரண்டு. ஒவ்வொரு வருடமும் கத்திகளோடு அந்தப் பையைத் தோள்பையில் போட்டுக்கொண்டுதான் கண்காட்சிக்கு வருவாள். வெளியே எடுக்காமல் திரும்பக் கொண்டு வருவாள். ஒருமுறை கேட்டேன், எதற்கு இந்தச் சுமை என்று. "ஒரே ஒரு தடவை மேசைக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கணுங்க" என்றாள்.

இந்த வருடம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இடம் போதவில்லையாம், அடுத்த வருடம் முதல் ஒரு மேசைக்குக் குறைந்தது இருபத்தைந்து கத்தி. அதாவது, இந்த வருடம் ஒன்று கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை. அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

நானே கடை கடையாக ஏறி இறங்கி ஒன்றை வாங்கினேன். மெருகு இல்லை, மண்டையோடு இல்லை, காதோரம் வைத்து ஆட்டியும் பார்த்தேன். வெண்ணெயில் இழுத்த மாதிரித் திறந்தது. துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கடைல எந்தக் கையால தெறந்தீங்க?"

வலது கையால். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவன் செய்கிற காரியமா இது? அசடு வழிய நின்றேன். அவள் திட்டியிருந்தாலாவது தேவலை. விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தக் கத்தியில்தான் இப்போது கண்ணாடிக் கடைக்கு வரும் பார்சல்களைப் பிரிக்கிறேன்.

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தபோது பெயின்ட் கடைக்குப் போனோம். பட்டறைக்கு ரெக்ஸின் ஒட்டும் பசை வேண்டும். கடைக்காரர் சங்கத்தில் பெரிய தலை. முந்நூறு கத்தி வைத்திருந்ததால் எல்லோரும் அவரை 'முந்நூறு' என்றே கூப்பிடுவோம். இப்போது நானூறைத் தாண்டிவிட்டார், பெயர்தான் பின்தங்கிவிட்டது. அன்று அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கையில் ஒரு மடக்குக் கத்தி. நகம் உடைந்ததுதான் மிச்சம், அலகு வரவில்லை.

"சனியன், தப்பா அடிச்ச கத்தி. பள்ளத்த அந்தப் பக்கம் வெட்டிட்டான். மொத்தமா வாங்கின ஒரு பழைய லாட்டோட வந்துச்சு" என்றார்.

என் மனைவி கையை நீட்டினாள். கொடுத்தார். இடது கட்டைவிரலால் ஒரு இழுப்பு. டக்கென்று திறந்தது. பெட்டியின் டேப்பை ஒரே கோட்டில் கிழித்துவிட்டுக் கத்தியை மடக்கினாள்.

"அட! உங்ககிட்ட நல்லா வருதே. வேணும்னா எடுத்துக்கங்கம்மா. எனக்கு அட்டைப்பெட்டி கிழிக்கக்கூட ஒதவல" என்றார் முந்நூறு.

கத்தி அவள் கையில் இருந்தது. கொடுத்தவர் வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வர வேண்டியதுதான் பாக்கி. நான் மெதுவாக அவள் காலை மிதித்தேன். அவள் என் காலைத் திருப்பி மிதித்தாள், நன்றாகவே.

"இது தப்பா அடிச்சதில்லைங்க. இடது கைக்காரங்களுக்குன்னே செஞ்சது. தகடு பாருங்க, அதுவும் இந்தப் பக்கம். ரொம்பக் கொஞ்சமாத்தான் செய்வாங்க. இப்படி ஒண்ணு கெடைக்கறது கஷ்டம்" என்று சொல்லி மேசைமேல் வைத்தாள்.

முந்நூறு கத்தியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அப்படியா சங்கதி!" என்று துணியால் துடைத்துக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டினார். பசை டின்னை எடுத்துக்கொண்டு நாங்கள் வெளியே வந்தோம்.

தெரு திரும்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"ஒனக்கு என்ன பைத்தியமா? அவரே குடுத்தாரே! நாம திருடினோமா? ஏமாத்தினோமா?"

"தெரியாம குடுத்தாருங்க."

"தெரியாட்டி என்ன? நானூறு வச்சிருக்கற மனுஷன். இதுகூடத் தெரியலைன்னா அது யார் தப்பு?"

"அவர் தப்புதான். ஆனா அந்தக் கத்தியத் தினமும் நான்தானே பாக்கணும்."

பசை டின்னை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டு நாள் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்கே என்மேல் வெட்கமாகப் போய்விட்டது. என் மனைவி மாதிரி ஒருத்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். சொல்லத்தான் இல்லை.

கண்காட்சி நாள் வந்தது. வழக்கம்போல வாசலில் சீட்டு, வழக்கம்போல என்னிடம் அதே கேள்வி. உள்ளே இருபது மேசை. நடு மேசை முந்நூறுடையது. அதன் நட்ட நடுவில், சிவப்புத் துணிமேல், அந்தக் கத்தி. 'இடது கைக்கென்று செய்த அபூர்வக் கத்தி' என்று அட்டை வேறு. மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். என் மனைவி பக்கத்து மேசைகளை நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எங்க, தெறந்து காட்டுங்க பாப்போம்" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

முந்நூறு எடுத்து, பழக்கத்தில் வலது கட்டைவிரலையே வைத்தார். இழுத்தார். வரவில்லை. பக்கத்து மேசைக்காரர் வாங்கிப் பார்த்தார். அவர் கையிலும் வரவில்லை. செயலாளர் வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முயன்று நகத்தை ஊதிக்கொண்டு போனார். ஆளுக்கு ஆயிரம் கத்தியைத் திறந்த கைகள் அவை. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை கெட்டிக்காரர்களும் ஒரே நிமிடத்தில் கை விளங்காதவர்களாகிப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் என் மனைவியைக் கையின்மேல் உட்கார வைத்தவர் அங்கே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

"பதினொண்ணு அம்மா! கொஞ்சம் வாங்களேன்!" என்று முந்நூறு கத்தினார்.

கூட்டம் வழி விட்டது. அவள் போய் வாங்கினாள். டக். திறந்தது. மடக்கினாள். மறுபடி டக். ஒருவர் எப்படி என்று கேட்டார். இன்னொருவர் தகடு ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டார். முந்நூறு வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்ல ஆரம்பித்தாள். விரலில் இருந்த தழும்பைக் காட்டினாள். கூட்டத்தில் லாண்டரிக்காரர் ஒருவர் நின்றிருந்தார், தலை நரைத்தவர். அவர் கத்தியைக் கேட்டு வாங்கி இடது கையால் இழுத்தார். திறந்துகொண்டது. அவர் அலகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அறுபது வயசாச்சும்மா. எனக்குக் கத்தி தெறக்கத் தெரியாதுன்னே நெனச்சுட்டு இருந்தேன்" என்றார்.

"எனக்கும் முப்பது வயசு வரைக்கும் தெரியாதுங்க" என்றாள் என் மனைவி.

முந்நூறு தன் மேசையைப் பார்த்தார். நானூறு கத்தி இருந்தும், அத்தனை பேரும் அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் செயலாளரைக் கூப்பிட்டார்.

"பதினொண்ணும் ஒண்ணும் எத்தனை சார்?"

"பன்னெண்டு. எதுக்குக் கேக்கறீங்க?"

"மேசை ஒண்ணு எடுத்துப் போடுங்க." பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நான் தெரியாம குடுத்தேன், நீங்க வாங்கல. இன்னிக்கு நான் என்ன விக்கறேன்னு எனக்கு நல்லாத் தெரியும்மா. தெரிஞ்சே தர்றேன். வாங்கிக்கறீங்களா?" அன்றைக்கு அவள் ஏன் வாங்கவில்லை என்று அவருக்குப் பிறகு புரிந்திருக்க வேண்டும்.

விலையையும் சொன்னார். நான் பர்ஸை எடுக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க. நான் இன்னும் பாக்கவே இல்லையே."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பன்னிரண்டு இருந்தால் மேசை என்ற விதி அன்றோடு முடிகிறது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இவளோ சாவகாசமாக அலகைத் திறந்து, காதோரம் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஆட்டுகிறாள். ஆடினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள், அதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. பத்து வினாடி இருக்கும். எனக்குப் பத்து வருடம்.

"ஆடல" என்றாள்.

தோள்பையிலிருந்து பச்சைச் சுருள்பையை எடுத்து விரித்து, பன்னிரண்டாவது அறையில் செருகினாள்.

மேசை கிடைத்தது கழிப்பறைக் கதவை ஒட்டி. இருக்கட்டுமே. செயலாளர் வெறும் அட்டையையும் பேனாவையும் நீட்டினார். அத்தனை பேர் பார்க்க, அவள் பேனாவை இடது கையில் வாங்கித் தன் பெயரை எழுதினாள். அச்சடித்த மாதிரி இருந்தது. நான் கழிப்பறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நான் வெளியே வந்தபோது மேசைக்கு முன்னால் வரிசை நின்றிருந்தது. இடது கைக்காரர்கள் எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ! நாற்காலி ஒன்றுதான், அதில் அவள் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருவர் என் நெஞ்சில் குத்தியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "நீங்களும் கத்தி சேக்கறீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லைங்க. அவங்க வீட்டுக்காரர்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. நானும் வரிசையில் நின்றேன்.

என் முறை வந்தபோது அவள் முதல் கத்தியை, அந்த வேன்காரர் கத்தியை, எடுத்து நீட்டினாள். வழக்கம்போல வலது கட்டைவிரலால் இழுத்தேன். வழுக்கியது.

"அந்தக் கையால இல்லங்க. இந்தக் கையால" என்று என் இடது கையைத் தொட்டுக் காட்டினாள்.

இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூட அப்படித் தோன்றவில்லை. கையை மாற்றி இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் திறந்தது.

"தெறந்துடுச்சு!" என்று கத்தியே விட்டேன்.

"சரி சரி, தள்ளி நில்லுங்க. பின்னாடி ஆளுங்க காத்துட்டு இருக்காங்க" என்றாள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

தள்ளி நின்றேன்.